உள்ள விட மாட்டேங்குது தம்பி!

சென்னையில இருக்கற வரைக்கும் நாம பொட்டி தட்டுற லட்சம் பேர்ல ஒருத்தர். ஸ்ரீவில்லிபுத்தூர் ஸ்டேஷன்ல காலை வச்சாப் போதும், 'கம்ப்யூட்டர் படிச்ச புள்ள' ஆகிடுவோம். நான் ஆபீஸ்ல என்ன ஆணி புடுங்குறேன்னு ஊர்ல இதுவரைக்கும் ஒருத்தரும் கேட்டதில்லை. பிரிண்டர் ஓடலைன்னா கூப்பிடுவாங்க. டிவில படம் வரலைன்னா கூப்பிடுவாங்க. மெயில் திறக்கலைன்னா வீட்டு வாசலுக்கே வந்துடுவாங்க.

வீட்டுல இருந்து வேலை பார்க்கலாம்னு ஆனதுக்கப்புறம் மாசத்துல ஒரு வாரம் ஊர்லதான். அந்த ஒரு வாரத்துல குறைஞ்சது ரெண்டு மெயில் கேஸாவது வந்துடும். வர்றவங்க வயசு மாறும், போன் மாறும், டயலாக் மட்டும் மாறாது. "பாஸ்வேர்டு சரியாத்தான் போடுறேன் தம்பி, உள்ள விட மாட்டேங்குது."

இதைக் கேட்டா கம்ப்யூட்டர்காரங்க பொதுவா ஒரு நமட்டுச் சிரிப்பு சிரிப்பாங்க. 'நீங்க தப்பாத்தான் போட்டிருப்பீங்க'ன்னு அதுக்கு அர்த்தம். ஆனா மக்களே, நான் பார்த்த வரைக்கும் அவங்க சொல்றது பெரும்பாலும் உண்மை. பாஸ்வேர்டு சரிதான். பிரச்சினை வேற எங்கயோ இருக்கும். 'எங்க இருக்கு'ன்னு திரையில வர்ற அந்தச் சிவப்பு வரி சொல்லாது. அதைப் பத்தித்தான் இன்னைக்கு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க.

முதல்ல சின்ன கேஸ்கள்.

கேஸ் 1: மனு, கல்யாணப் பத்திரிகை எல்லாம் அடிச்சுத் தர்ற டி.டி.பி. கடை அக்கா. காலையில இருந்து மெயில் 'தவறான கடவுச்சொல்'னு சொல்லுதாம். அஞ்சாறு தடவை அடிச்சுப் பார்த்து, கடைசியில 'கொஞ்ச நேரம் கழிச்சு வாங்க'ன்னு மெயிலே வெளியே தள்ளிருச்சு. போய்ப் பார்த்தேன். பிரவுசர் மெயில் முகவரியைத் தானாவே நிரப்பி வச்சிருந்தது. அக்கா பாஸ்வேர்டு மட்டும்தான் அடிக்கணும். அதுல வர்றது எல்லாம் கறுப்புப் புள்ளி. நான் அந்த முகவரியை அழிச்சிட்டு அதே கட்டத்துல ரெண்டு எழுத்து தட்டினேன். தமிழ்ல வந்துச்சு. கடைசியா ஒரு மனு அடிச்சவங்க தமிழ் விசைப்பலகையை அணைக்காம விட்டுட்டாங்க. புள்ளிக்குப் பின்னாடி அக்காவோட பாஸ்வேர்டு 'ஃ'னாவும் 'ஞு'வாவும் போய்க்கிட்டு இருந்திருக்கு. என்.எச்.எம். ரைட்டர், இ-கலப்பை மாதிரி எதையாவது வச்சுத் தமிழ் அடிக்கிற எல்லாரும் இதை ஞாபகம் வச்சுக்கோங்க. கண் படம் போட்ட பட்டனை அழுத்தி, அடிச்சது என்னன்னு ஒரு தடவை பார்த்துட்டு உள்ளே போங்க. பக்கத்துல ஆள் இல்லாதப்போ.

கேஸ் 2: மருந்துக் கடை. ரொம்ப நாள் மூடிக் கிடந்த கம்ப்யூட்டரைத் திரும்ப ஓட்டினா, மெயில் பக்கமே வரலை. 'உங்கள் இணைப்பு பாதுகாப்பானது அல்ல'ன்னு எச்சரிக்கை. வைரஸ்னு பயந்து போய் உட்கார்ந்திருந்தாங்க. மூலையில கடிகாரத்தைப் பார்த்தா 2009-ம் வருஷம் ஜனவரி 1. உள்ள மதர்போர்டுல ஒரு ரூபாய் நாணயம் மாதிரி சின்ன பேட்டரி இருக்கும், சி.ஆர்.2032-ன்னு பேரு. கரண்ட் இல்லாதப்பவும் தேதியை ஞாபகம் வச்சுக்கறது அதுதான். அது செத்தா கம்ப்யூட்டருக்கு நாள் கிழமை மறந்துடும். மெயில் தளம் 'நான் நிஜமான ஆள்தான்'னு காட்டுற சான்றிதழ்ல ஆரம்பத் தேதி, முடிவுத் தேதி ரெண்டும் இருக்கும். 2009-ல உட்கார்ந்திருக்கற கம்ப்யூட்டருக்கு அது இன்னும் பிறக்காத சான்றிதழ். அப்புறம் எப்படி நம்பும்? பேட்டரியை மாத்தி தேதியைச் சரி பண்ணினதும் வேலை முடிஞ்சது. 30 செகண்டுக்கு ஒரு தடவை நம்பர் மாறுற ஆதென்டிகேட்டர் ஆப் வச்சிருக்கறவங்களுக்கும் இதேதான். போன்ல நேரம் தப்பா இருந்தா அந்த நம்பரும் தப்பாத்தான் வரும்.

கேஸ் 3: ஒரு தாத்தா, கையில ரொம்பப் பழைய ஆண்ட்ராய்டு போன். பேரன் வாங்கிக் கொடுத்ததாம், மாத்த மனசில்லை. ரீசெட் பண்ணிட்டு மெயில் போட்டா 'பயனர் பெயர் அல்லது கடவுச்சொல் தவறு'. ஆண்ட்ராய்டு 2.3.7-ம் அதுக்கு முந்தினதும் ஓடுற போன்கள்ல 2021 செப்டம்பர் 27-ல இருந்து கூகுள் கணக்குக்குள்ள நுழைய முடியாது. பாதுகாப்புக்காக எடுத்த முடிவு. ஆனா திரையில வர்றது என்னவோ பாஸ்வேர்டு தப்புங்கற மாதிரிதான். தாத்தா கோயில் தேர் இருக்கற தெரு முழுக்க 'எனக்கு மறதி வந்துருச்சு போல'ன்னு சொல்லிட்டு வந்திருக்கார். பாவம். மறதி எல்லாம் ஒண்ணும் இல்லை தாத்தா, போனுக்குத்தான் வயசாயிடுச்சுன்னு சொன்னப்போ அவர் முகத்தைப் பார்த்திருக்கணும்.

கேஸ் 4: ராஜபாளையத்துல பேண்டேஜ் துணி வியாபாரம் பண்ற ஒருத்தரோட ஆபீஸ். கம்ப்யூட்டர்ல பழைய மெயில் சாஃப்ட்வேர், ஜிமெயிலை அதுல இழுத்துப் படிக்கற பழக்கம். 2022 ஜூன்ல ஒரு நாள் போன். பாஸ்வேர்டு கேட்டுக்கிட்டே இருக்கு, போட்டாலும் ஏத்துக்கலை. பிரவுசர்ல அதே பாஸ்வேர்டு வேலை செய்யுது. காரணம் இதுதான். வெறும் பேரும் பாஸ்வேர்டும் மட்டும் கேட்டு உள்ள போற பழைய வகை சாஃப்ட்வேர்களைத் தனிநபர் கணக்குகள்ல கூகுள் 2022 மே 30-ல் நிறுத்துச்சு. அவுட்லுக்.காம், ஹாட்மெயில் கணக்குகளுக்கு மைக்ரோசாஃப்ட் இதையே 2024 செப்டம்பர் 16-ல் பண்ணுச்சு. இப்போ ஜிமெயிலுக்கு ரெண்டு வழி இருக்கு. புது சாஃப்ட்வேர்ல 'கூகுள் மூலம் உள்நுழை' வழியாச் சேர்க்கலாம். இல்லைன்னா இரண்டடுக்குச் சரிபார்ப்பை ஆன் பண்ணிட்டு, அந்த சாஃப்ட்வேருக்குன்னு தனியா 16 எழுத்துல ஒரு 'ஆப் பாஸ்வேர்டு' வாங்கிப் போடலாம். ஒரு நாள் முழுக்க ஆர்டர் மெயில் பார்க்க முடியாம, ஆபீஸ் பையன்தான் பாஸ்வேர்டை மாத்திட்டான்னு அவனைத் திட்டித் தீர்த்திருந்தாங்க.

நாலு கேஸ். நாலுலயும் பாஸ்வேர்டு சரி. நாலுலயும் பழி விழுந்தது மனுஷங்க மேல.

'சரிப்பா, அந்தத் தளமாவது என்ன பிரச்சினைன்னு தெளிவாச் சொல்லலாமே?'ன்னு கேப்பீங்க. அதுக்கு ஒரு நியாயமான காரணம் இருக்கு. 'முகவரி சரி, பாஸ்வேர்டுல மூணாவது எழுத்துதான் தப்பு'ன்னு சொன்னா உங்களுக்கு உதவியா இருக்கும். திருட வந்தவனுக்கு இன்னும் உதவியா இருக்கும். வாசல்ல நிக்கறது யாருன்னு தெரியாத வீட்டுக்காரம்மா 'ஆளில்லை'ன்னு மட்டும் சொல்லிக் கதவைச் சாத்தற மாதிரிதான் இது.

"கம்பெனிக்கு போன் போட்டு என் பாஸ்வேர்டு என்னன்னு கேட்டுச் சொல்லேன்" - இது அடுத்து வர்ற கேள்வி. கம்பெனிக்கே அது தெரியாதுன்னா நம்ப மாட்டாங்க. இதுக்குப் பின்னாடி ஒரு பழைய கதை இருக்கு, கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன். அமெரிக்காவுல எம்.ஐ.டி.யில 1961-ல் ஃபெர்னாண்டோ கோர்பாட்டோ தலைமையில, ஒரே கம்ப்யூட்டரைப் பல பேர் பங்கு போட்டுக்கற ஒரு அமைப்பை உருவாக்கினாங்க. சி.டி.எஸ்.எஸ்.னு பேரு. அவங்கவங்க கோப்பு அவங்கவங்களுக்கு மட்டும் தெரியணுமே, அதுக்காகக் கம்ப்யூட்டர்ல பாஸ்வேர்டு வந்துச்சு. எல்லாருடைய பாஸ்வேர்டும் ஒரே கோப்புல, அப்படியே படிக்கற மாதிரி இருந்துச்சு. 1966-ல் ஒரு கோளாறு. உள்ள வர்றவங்களுக்குக் காட்டுற வரவேற்புச் செய்தியும் அந்த பாஸ்வேர்டு கோப்பும் இடம் மாறிடுச்சு. லாகின் பண்ணின எல்லாருக்கும் ஊர் பாஸ்வேர்டு மொத்தமும் திரையில ஓடுச்சு. அவ்வ்வ்வ்!

ஒழுங்காக் கட்டின தளங்கள் இப்போ பாஸ்வேர்டை அப்படியே வச்சுக்கறதில்லை. அரைச்சு மாவாக்கித்தான் வச்சுக்கும். நீங்க ஒவ்வொரு தடவை அடிக்கறப்பவும் அதையும் அரைச்சு, மாவும் மாவும் ஒண்ணான்னு பார்க்கும். கிரைண்டர்ல அரைச்ச மாவுல இருந்து அரிசியைத் திரும்ப எடுக்க முடியுமா? அதே மாதிரிதான். அதனால பழைய பாஸ்வேர்டை யாராலயும் சொல்ல முடியாது. புதுசு வேணும்னா கொடுக்கலாம். ஆனா அதுக்கு முன்னாடி 'இந்த மெயில் உங்களோடதுதான்னு எப்படி நம்பறது?'ன்னு கேக்கும். அங்கதான் மக்களே, பெரிய கேஸ் எல்லாம் ஆரம்பிக்குது.

அந்தக் கேள்விக்கு மெயில் தளம் தேடற சாட்சி முக்கியமா மூணு. மீட்பு போன் நம்பர், மீட்பு மெயில், ஏற்கனவே உள்ள நுழைஞ்சு இருக்கற ஒரு போனோ கம்ப்யூட்டரோ. நம்ம ஊர்ல இந்த மூணும் யார்கிட்ட இருக்குன்னு யோசிச்சுப் பாருங்க.

நான் ஸ்கூல் படிச்சப்போ ஊர்ல மெயில் ஐடிங்கறது தானா ஆரம்பிக்கற விஷயமே இல்லை. பிரவுசிங் சென்டர்ல 'ஆரம்பிச்சுத் தருவாங்க'. ஏதாவது அப்ளிகேஷன்ல மெயில் கட்டாயம்னு இருக்கும். அங்க உட்கார்ந்திருக்கற அண்ணனே பேரும் பிறந்த வருஷமும் சேர்த்து ஒரு ஐடி போட்டு, பேரோட 123 சேர்த்து ஒரு பாஸ்வேர்டு போட்டு, துண்டுச் சீட்டுல எழுதிக் கொடுப்பார். மீட்பு நம்பர் கேட்டா சில இடத்துல அவர் நம்பர், சில இடத்துல சித்தப்பா நம்பர், சில இடத்துல வெறுமை. ஐடி நம்ம பேர்ல இருக்கும், சாவி வேற யார்கிட்டயோ இருக்கும். பல வருஷம் ஒரு குறையும் தெரியாது. போனை மாத்தற அன்னைக்குத்தான் தெரியும்.

சொந்த நம்பரே கொடுத்திருந்தாலும் அது நிரந்தரம் இல்லை. தமிழ்நாட்டுல ஒரு காலத்துல எங்க பார்த்தாலும் ஏர்செல் நம்பர்தான். 2018 பிப்ரவரியில சிக்னல் போய், கம்பெனி திவால் மனு போட்டப்போ, நம்பரைக் காப்பாத்திக்க ஜனங்க போர்ட்டிங் குறுஞ்செய்தி அனுப்ப மாடிக்கும் தெருவுக்கும் அலைஞ்சது உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். வெறுத்துப் போய் 'விடு, புது சிம் வாங்கிக்கலாம்'னு போனவங்களும் உண்டு. அப்போ அவங்க விட்டது பத்து இலக்கம் மட்டும் இல்லை. அந்த நம்பரை நம்பி இருந்த மெயிலோட பின்வாசல் சாவியையும் சேர்த்து விட்டாங்க. இப்பவும் ரீசார்ஜ் பண்ணாம விட்ட நம்பரை நிறுவனங்கள் துண்டிக்கும். துண்டிச்சு 90 நாள் வரைக்கும் வேற யாருக்கும் அது போகாதுன்னு ட்ராய் 2023 நவம்பர்ல உச்ச நீதிமன்றத்துல சொல்லியிருக்கு. அதுக்கப்புறம் போகலாம். உங்க ஓ.டி.பி. முன்னப்பின்ன தெரியாத ஒருத்தர் போன்ல போய் விழலாம்.

இது வியாபாரத்தையும் விடலை. எங்க ஊரு பால்கோவாவுக்கு 2019-ல் புவிசார் குறியீடு எல்லாம் கிடைச்சிருச்சு, ஆனா ஒரு பால்கோவா கடை அண்ணாச்சிக்கு அவரோட சொந்த ஜி.எஸ்.டி. கணக்குக்குள்ள நுழையற பாக்கியம் கிடைக்கலை. 2017-ல் ஜி.எஸ்.டி. வந்தப்போ பதிவு பண்ணிக் கொடுத்த கணக்கெழுதுறவர் தன் மெயிலையும் தன் நம்பரையுமே போட்டுட்டார். அவர் ஊரை விட்டுப் போயிட்டார். எதைத் தொட்டாலும் ஓ.டி.பி. அவருக்குத்தான் போகும். "அண்ணே, ஒரு நம்பர் வந்திருக்கும் பாருங்க"ன்னு அண்ணாச்சி அவருக்கு போன் போட்டுக் கெஞ்சணும். அவர் எடுத்தாத்தான் உண்டு.

இது அண்ணாச்சிக்கு மட்டும் வந்த சோதனை இல்லைங்கறதுதான் விசேஷம். பதிவு பண்ணிக் கொடுத்தவங்க தங்களோட மெயிலையும் நம்பரையும் போட்டுட்டு விவரம் தர மாட்டேங்கறாங்கன்னு நாடு முழுக்கப் புகார் வந்து, 2018-ல் நிதி அமைச்சகமே ஒரு வழி அறிவிச்சுது. உரிய ஆவணங்களோட தங்கள் பகுதி வரி அதிகாரிகிட்டப் போனா, அவரே மெயிலையும் நம்பரையும் மாத்திக் கொடுப்பார். அண்ணாச்சிகிட்ட அதைச் சொன்னேன். "இதுக்கு ஆபீசர் வரைக்கும் போகணுமா தம்பி?"ன்னு இழுத்தார். "உங்க கடைச் சாவி இன்னொருத்தர் இடுப்புல தொங்குது அண்ணாச்சி"ன்னேன். அடுத்த நாளே போயிட்டார்.

இனி நான் சொல்ல வந்த முக்கியமான கேஸ்.

எங்க தெருவுக்கு ரெண்டு தெரு தள்ளி ஒரு அத்தை. ரத்த சொந்தம் இல்லை, சின்ன வயசுல இருந்து அத்தைன்னே கூப்பிட்டுப் பழக்கம். மாமா ராஜபாளையத்துல ஒரு மில்லுல வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். இறந்து ஒன்றரை வருஷம் தாண்டிருச்சு. அவர் ஒரு ஆயுள் காப்பீடு போட்டிருந்தார்னு அத்தைக்குத் தெரியும். எந்தக் கம்பெனி, என்ன நம்பர்னு தெரியாது. எல்லாம் கம்ப்யூட்டர்லயே பார்த்துக்கற ஆள், காகிதம் எதுவும் வரலை. பாஸ்புக்குல வருஷத்துக்கு ஒரு தடவை ஒரு தொகை போயிருந்தது, ஆனா ஏதோ பணம் கட்டுற இடைநிலைத் தளத்தோட பேர்ல. மெயிலைத் திறந்தாத்தான் விவரம் கிடைக்கும். அத்தைக்கு மாசச் செலவே மாமா பென்ஷன்ல பாதியா வர்ற குடும்பப் பென்ஷன்லதான் ஓடுது. அந்தத் தொகை சின்ன விஷயம் இல்லை.

"பாஸ்வேர்டு இருக்குய்யா, மாமா நோட்டுல எழுதி வச்சிருக்காக"ன்னு எடுத்துக்கிட்டு வந்தாங்க. சுத்தமான கையெழுத்து. அடிச்சேன், ஏத்துக்கிச்சு. ஆனா உள்ள விடலை. 'உங்கள் போனைப் பாருங்கள், ஆம் என்பதை அழுத்துங்கள்'னு நின்னுச்சு. வேற வழின்னு தட்டினா, மாமா நம்பருக்குக் குறுஞ்செய்தி அனுப்பறேன்னு சொல்லுச்சு.

மாமா சிம்மை யாரும் ரீசார்ஜ் பண்ணலை. இறந்தவர் நம்பருக்கு எதுக்குப் பணம் போடணும்னு யாருக்குமே தோணாதுதானே? "அந்த நம்பருக்கு நான் போட்டுப் பார்த்தேன்யா, யாரோ ஒரு சின்னப் புள்ள எடுத்துச்சு. நான் எதுவும் பேசல, வச்சுட்டேன்"னாங்க. எதுக்குப் போட்டாங்கன்னு நான் கேக்கலை.

அந்தப் பொண்ணுக்கு போன் போட்டு ஓ.டி.பி. கேக்கலாமேன்னு கூட இருந்த அத்தை மகன் சொன்னான். வேண்டாம்னுட்டேன். முகம் தெரியாதவங்க கேட்டா ஓ.டி.பி. சொல்லாதேன்னு ஊர் முழுக்கச் சொல்லிக்கிட்டு, நாமளே ஒரு முகம் தெரியாத பொண்ணைக் கேட்டா எப்படி? விவரமான பொண்ணா இருந்தா சொல்லவும் சொல்லாது.

"மாமா போன் எங்க அத்தை இருக்கு?"

"பீரோலதான் இருக்கு, கண்ணாடியும் வாட்சும் வச்ச எடத்துல. அது உசுரு போயிக் கெடக்குய்யா."

பழைய சார்ஜர் ஒண்ணு தேடிப் பிடிச்சு மாட்டினோம். அரை மணி நேரம் ஒண்ணுமே இல்லை. அத்தை காப்பி போட்டுக் கொண்டு வந்து வச்சிட்டு போனையே பார்த்துக்கிட்டு நின்னாங்க. அப்புறம் லோகோ வந்துச்சு. திரையில பேட்டர்ன் கேட்டுச்சு. நான் தயங்கினேன். அத்தை சாதாரணமா, "'ட'னா மாதிரி இழுப்பாக"ன்னாங்க. மேல இருந்து கீழ, கீழ இருந்து வலது பக்கம். திறந்துடுச்சு.

சிம் இல்லாட்டி என்ன, என் போன்ல ஹாட்ஸ்பாட் போட்டு அதுல இணைச்சேன். இங்கதான் விஷயமே. மெயில் தளத்துக்கு மாமா போன்ல சிம் இருக்கணும்னு அவசியம் இல்லை. அந்த போன்ல கணக்கு ஏற்கனவே உள்ள நுழைஞ்ச நிலையில இருந்தாப் போதும், இணையம் கிடைச்சாப் போதும். ஒரு நிமிஷத்துல, 'உள்நுழைய முயல்வது நீங்கள்தானா?'ன்னு கேட்டுச்சு. அத்தையையே 'ஆம்' அழுத்தச் சொன்னேன்.

பாலிசி பத்திரம் ஒரு மெயில்ல இணைப்பா இருந்துச்சு. நாமினி இடத்துல அத்தை பேர். அப்புறம் மனு, இறப்புச் சான்றிதழ், அலைச்சல் எல்லாம் வழக்கம் போல. கொஞ்ச நாள் ஆச்சு, பணம் வந்துருச்சு.

அன்னைக்கே மீட்பு நம்பரை அத்தை நம்பரா மாத்தினோம். மாத்தின உடனே பழைய நம்பரோட தொடர்பு போயிடாது. ஏழு நாள் வரைக்கும் பழைய நம்பருக்கும் குறியீடு அனுப்பற வாய்ப்பை கூகுள் வச்சிருக்கும், அதனால அந்த வாரம் முழுக்க மாமா போனை அணைக்காதீங்கன்னு சொன்னேன். குப்பை மெயிலை எல்லாம் அழிச்சுடட்டுமான்னு கேட்டேன். ரயில் டிக்கெட், கரண்ட் பில், துணிக் கடை விளம்பரம்னு ஆயிரக்கணக்குல கிடந்துச்சு. "விளம்பரமா இருந்தாலும் இருக்கட்டும்யா, எல்லாம் மாமா பேருக்கு வந்ததுதானே"ன்னாங்க. அழிக்கலை.

அப்போ இன்னொண்ணும் சொல்ல வேண்டி இருந்துச்சு. ரெண்டு வருஷம் யாருமே தொடாத தனிநபர் கணக்குகளை நீக்குறதா கூகுள் 2023 மே மாசம் அறிவிச்சு, அந்த வருஷம் டிசம்பர்ல இருந்து நடைமுறைக்குக் கொண்டு வந்துச்சு. யாஹூவில 12 மாசம் தொடாட்டியே மெயில் போயிடலாம். மாமா கணக்கு கிட்டத்தட்ட அந்த விளிம்புலதான் இருந்திருக்கு. "அப்பப்போ திறந்து பாருங்க அத்தை"ன்னு சொல்லிட்டு வந்தேன். இப்போ அத்தை அமாவாசைக்கு அமாவாசை திறந்து பார்க்கறாங்களாம்.

சரி, இவ்வளவு கதை எதுக்குன்னா, லாகின் பிரச்சினை வந்தப்புறம் பண்றது கொஞ்சம்தான். வர்றதுக்கு முன்னாடி பண்ண வேண்டியதுதான் நிறைய. சுருக்கமா எழுதிடறேன்.

வர்றதுக்கு முன்னாடி:

1. மெயில் கணக்குல 'பாதுகாப்பு' பகுதியைத் திறந்து மீட்பு நம்பரும் மீட்பு மெயிலும் யாருதுன்னு பாருங்க. இப்பவே.

2. சிம்மை மாத்தறதா இருந்தா, பழசை விடுறதுக்கு முன்னாடி மெயில்ல நம்பரை மாத்துங்க. விட்டப்புறம் இல்லை.

3. இரண்டடுக்குச் சரிபார்ப்பு போட்டிருந்தா 'பேக்கப் கோடு' எடுத்துக்கோங்க. கூகுள்ல 8 இலக்கத்துல 10 நம்பர் கொடுக்கும், ஒவ்வொண்ணும் ஒரு தடவைதான் செல்லும். பிரிண்ட் எடுத்து வீட்டுப் பத்திரம் இருக்கற இடத்துல வைங்க. போன்ல போட்டோ எடுத்து வச்சா, போன் தொலைஞ்சா அதுவும் சேர்ந்து தொலையும்.

4. கூகுள்ல 'இன்ஆக்டிவ் அக்கவுண்ட் மேனேஜர்'னு ஒண்ணு 2013-ல் இருந்தே இருக்கு. நாம குறிப்பிடற காலம் வரைக்கும் கணக்கைத் தொடாம இருந்தா, நாம சொல்ற ஆளுங்களுக்குத் தகவல் போகும், நாம அனுமதிச்சதை அவங்க எடுத்துக்கலாம். பேங்க்ல நாமினி போடற மாதிரிதான்.

வந்ததுக்கு அப்புறம்:

5. விசைப்பலகை தமிழ்லயா, கேப்ஸ் லாக் எரியுதா, தேதி சரியா, போன் ரொம்பப் பழசா, மெயில் சாஃப்ட்வேர் பழசா - இந்த அஞ்சையும் பார்த்துட்டு அப்புறம் பாஸ்வேர்டைச் சந்தேகப்படுங்க.

6. கணக்கை மீட்கறப்போ எப்பவும் பயன்படுத்தற போன்ல, எப்பவும் பயன்படுத்தற பிரவுசர்ல, வீட்டுல இருந்தே முயற்சி பண்ணுங்க. வெளியூர் பிரவுசிங் சென்டர்ல உட்கார்ந்தா அதுவே சந்தேகத்தைக் கிளப்பும். பழைய பாஸ்வேர்டு கேட்டா ஞாபகம் இருக்கறதைப் போடுங்க, கேள்வியைத் தாண்டிப் போகாதீங்க.

7. 'ஜிமெயில் கஸ்டமர் கேர் நம்பர்'னு தேடி, கிடைக்கற நம்பருக்கு போன் போடவே போடாதீங்க. இலவசக் கணக்கைத் திறந்து கொடுக்கறதுக்கு அப்படி ஒரு போன் நம்பர் கிடையாது. எடுக்கறவன் திருடன். ஏற்கனவே பணம் போயிருந்தா உடனே 1930.

8. வீட்டுல யாராவது தவறிட்டா, அவங்க சிம்முக்குக் குறைஞ்சது ஒரு வருஷமாவது ரீசார்ஜ் பண்ணுங்க. போனை எக்ஸ்சேஞ்சுல போடாதீங்க, ரீசெட் பண்ணாதீங்க. அந்த நேரத்துல இதைச் சொல்றது கடுசாத் தோணும். ஆனா யாராவது ஒருத்தர் சொல்லித்தான் ஆகணும், அந்த ஒருத்தர் பெரும்பாலும் 'கம்ப்யூட்டர் படிச்ச புள்ள'யாத்தான் இருப்பார்.

இதைப் படிக்கற பாதிப் பேர் நம்ம மாதிரி பொட்டி தட்டுறவங்கதான்னு தெரியும். உங்களுக்கு இதுல புதுசு எதுவும் இருக்காது. ஆனா உங்க அப்பா மெயில் ஐடிக்கு மீட்பு நம்பர் எதுன்னு உங்களுக்குத் தெரியுமா? அடுத்த தடவை ஊருக்குப் போறப்போ அஞ்சு நிமிஷம் அவர் போனை வாங்கிப் பாருங்க. அவர் பக்கத்துல உட்கார்ந்து, அவர் கையாலயே மாத்தச் சொல்லுங்க. நாமளே செஞ்சு கொடுத்துட்டு வந்தா, பிரவுசிங் சென்டர் அண்ணனுக்கும் நமக்கும் வித்தியாசம் இல்லாமப் போயிடும்.

பி.கு.: அண்ணாச்சி கடை ஓ.டி.பி. இப்போ அண்ணாச்சி போனுக்கே வருது. சந்தோஷத்துல எனக்கு அரைக் கிலோ பால்கோவா கிடைச்சுது. யாருக்கும் பங்கு கிடையாது :-)